உழவு இயந்திரத்துக்கு ஏற்ற மின் காற்றுப் பம்பியைத் தெரிதல்

நாற்சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர்கள், எஞ்சினுக்கு எண்ணெய் பார்ப்பதிலும் கலப்பைத் தட்டுக்களை மாற்றுவதிலும் காட்டும் கவனத்தை ரயர்களிலுள்ள காற்றில் காட்டுவது குறைவு. இது அசட்டையால் நேர்வதன்று. காற்றடிக்கும் கடை சந்தியில் இருக்கின்றது; வயலோ சந்தியிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே கிடக்கின்றது. ஆதலால் சந்தியைக் கடக்கும் நாளில் ஒரு முறை இறுக அடித்துக்கொண்டு, அந்தக் காற்றுடனேயே உழவு, இழுவைப் பெட்டி, தண்ணீர்ப் பவுசர் ஆகிய எல்லா வேலைகளையும் முடிப்பது வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கத்தினால் வரும் நட்டம் கண்ணுக்கு உடனே தோன்றாது. எரிபொருளிலும் ரயரின் ஆயுளிலும் மரக்கறி நிலத்தின் மண்ணிலும் அது சிறுகச் சிறுகச் சேர்கின்றது. முதல் மழை விழுந்து மண் பதம் வந்திருக்கும் நாலைந்து நாட்களுக்குள் ஒரு ரயரில் காற்றுப் போய்விட்டாலோ, அந்த நட்டம் நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்.

12 உவோற்றுப் பற்றரியில் இயங்கி, இயந்திரத்திலேயே பொருத்தி வைக்கத்தக்க மின் காற்றுப் பம்பிகள் இப்போது விற்பனைக்கு உண்டு. கடைகளில் இவற்றைக் கொம்பிரசர் என்பர். இவை பெரும்பாலும் காடு மேடுகளில் ஓடும் ஜீப் வண்டிகளை எண்ணிச் செய்யப்பட்டவை. உழவு இயந்திரத்துக்கு வேண்டியதும் ஜீப்புக்கு வேண்டியதும் முற்றாக ஒன்றல்ல. ஆதலின் விற்பவர் புகழ்ந்து காட்டும் குணங்களுள் கமத்துக்கு உதவுவன எவை, உதவாதன எவை என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும்.

ஓர் இயந்திரத்துக்கு இரண்டு அமுக்கம்

இப்பிரசுரத்தில் இறாத்தல் என்று வருமிடமெல்லாம் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் அமுக்கம் என்று கொள்க.

ரயர் தரையை அழுத்தும் அளவு, ஏறத்தாழ அதனுள்ளிருக்கும் காற்றின் அமுக்கத்தைப் போன்றதே. பக்கச்சுவரின் விறைப்பினால் அது சற்றுக் கூடலாம். 14 இறாத்தலில் இருக்கும் பின் ரயர் தட்டையாகப் பரந்து அமர்ந்து, பல பற்களால் மண்ணைப் பற்றுகின்றது. அதே ரயரை 25 இறாத்தலுக்கு இறுக்கினால் அது நடுப்பகுதியில் மட்டும் நின்று, பற்றாமல் வழுக்கிச் சுழலும். சுழலும் சில்லு டீசலை எரிக்குமேயன்றிக் கலப்பையை இழுக்காது. அது செல்லும் தடத்தில் மேல்மண்ணும் கூடுதலாக இறுகும். அடிமண் இறுகுவது இயந்திரத்தின் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது; அதனைக் காற்றைக் குறைத்து முற்றாகத் தவிர்க்க இயலாது.

இவ்விடத்தில் நெல்வயலையும் மரக்கறி நிலத்தையும் பிரித்து நோக்குதல் நன்று. சேற்றுழவு செய்யும் வயலில், உழவாழத்தின் கீழே இறுகிய படை ஒன்று அமைவது நீர் கீழே வடிந்து போகாமல் காக்கும். அங்கு மண் இறுகுதலைப் பெருங்குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை. அன்றியும் சேற்றில் இரும்புக் கூட்டுச்சில்லுப் பூட்டி உழும்போது மண்ணைப் பற்றுவது பெரும்பாலும் இரும்பேயாகும். ஆனால் காலபோகத்தில் நெல் விளைந்த அதே நிலத்தில் சிறுபோகத்துக்கு மிளகாயோ கத்தரியோ பயறோ செய்ய எண்ணுபவருக்கு அந்த இறுக்கமே பகையாகும். வேர் கீழிறங்காது, பாய்ச்சிய நீர் தேங்கும். வறண்ட வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாகும் இயல்புடையதாதலின், அங்கே உலர் உழவு செய்பவர் இதனை மிகவும் கருதல் வேண்டும்.

இனி, குறைந்த காற்றே எப்போதும் நல்லது என்று கொள்வதும் தவறு. வயலுக்குத் தகுந்த மெத்தென்ற ரயருடன் நெல் மூடைகள் ஏற்றிய இழுவைப் பெட்டியைப் பூட்டித் தார் வீதியில் ஓடினால், பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து சூடேறும். நாளடைவில் உள்ளிழைகள் அறும். பற்கள் ஒருபுறமாகத் தேயும். திருப்பத்தில் இயந்திரம் தள்ளாடும். ஆகவே வயலில் ஓர் அமுக்கமும் வீதியில் வேறோர் அமுக்கமும் வேண்டப்படுகின்றன. 28 அங்குல றிம்மில் வரும் சாதாரணப் பின் ரயர்களுக்கு வயலில் 14 இறாத்தல் அளவும், பாரம் இழுக்கும்போது 20 இறாத்தல் அளவும் பெரும்பாலும் பொருந்தும். எனினும் இயந்திரத்தின் கைந்நூலும் ரயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட எண்ணுமே முடிவானவை. பக்கச்சுவரில் காணும் உச்ச அளவை ஒருபோதும் மீறலாகாது.

காற்றைக் குறைப்பதற்குக் கருவி வேண்டியதில்லை; ஓர் ஆணி போதும். வயலோரத்தில் நின்று கூட்டுவதற்கே பம்பி வேண்டும். அது கைவசம் இல்லாதவர் எப்போதும் வீதிக்குரிய அமுக்கத்திலேயே வயலிலும் இறங்குகின்றார். பம்பியின் முதற்பயன் இதுவே. பஞ்சரான வேளையில் உதவுவது இரண்டாம் பயன்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் 1932 ஆம் ஆண்டில் அலிஸ் சாமர்ஸ் நிறுவனத்தார் தமது உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரயர்களைப் பூட்டி விற்கத் தொடங்கியபோதே, குறைந்த அமுக்கத்தில் வைத்தால்தான் அவை மண்ணைப் பற்றும் என்பது அறியப்பட்டிருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது 1942 இல் அங்கு ஆக்கப்பட்ட டக் என்னும் நீர்நில வண்டியிலோ, சாரதி இருக்கையிலிருந்தபடியே ரயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. கடற்கரை மணலில் மெத்தென்றும் கல்வீதியில் இறுக்கமாகவும் ஓடுவதற்காகச் செய்த அந்த ஏற்பாட்டின் எளிய உருவமே இன்று கடையில் கிடைக்கும் சிறு பம்பி.

வாங்கவேண்டாதவர்

இரு சில்லு உழவு இயந்திரங்களுள் பெரும்பாலானவை கையாற் சுழற்றி இயக்கப்படுவன. மின்பம்பியைத் தாங்கும் பற்றரி அவற்றில் இல்லை. அவற்றின் ரயரும் சிறியது. உறுதியான காற்பம்பி ஒன்று அவற்றுக்குப் போதுமானது. நாற்சில்லு இயந்திரம் வைத்திருந்தும் வீதிக்கு வராமல் சொந்த வயலில் மட்டும் உழுபவருக்கும் இச்செலவு அவசியமன்று. கூலிக்கு ஊர் ஊராகச் சென்று உழுபவர், விளைபொருளைத் தாமே சந்தைக்கு இழுப்பவர் ஆகியோருக்கே இது விரைவில் விலையைத் தரும். முற்காலத்தில் பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் பிளக்கைக் கழற்றி அத்துளையில் பூட்டிக் காற்றடிக்கும் சிறு கருவிகள் இருந்தன. டீசல் எஞ்சினில் அவ்வித வேலைக்கு இடமில்லை.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

பம்பியின் அட்டைப்பெட்டியில் மிகப் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது 150 இறாத்தல் அல்லது அதற்கு மேற்பட்ட ஓர் அமுக்கம். கமக்காரருக்கு மிகக் குறைவாகப் பயன்படும் எண்ணும் அதுவே. பின் ரயருக்கு 20, முன் ரயருக்கு 30 அளவில், இழுவைப் பெட்டியின் ரயருக்கு 50 அல்லது 60 இறாத்தல் என்று வைத்துக்கொண்டாலும், 150 இறாத்தல் தேவைப்படும் வேலை கமத்தில் இல்லை. கைக்கடக்கமான மலிந்த பம்பியும் சிறிய பிஸ்ரனைக் கொண்டு அந்த அமுக்கத்தை எட்டிவிடும். ஆயின் எட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

பார்க்கவேண்டியது காற்றின் அளவு. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றைப் பம்பி தள்ளுகின்றது என்பதே அது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விற்பவர் காட்டும் லீற்றர்க் கணக்குப் பெரும்பாலும் குழாயின் வாய் திறந்திருக்கும்போது, அதாவது எதிரமுக்கம் ஒன்றுமில்லாதபோது எடுக்கப்பட்டதாகும். அமுக்கம் ஏற ஏற அவ்வளவு குறைந்துகொண்டே போகும். ஆதலின், "30 இறாத்தலில் எத்தனை லீற்றர்?" என்று கேட்டல் வேண்டும். நல்ல பம்பியுடன் வரும் தாளில் பல அமுக்கங்களுக்கும் உரிய அளவுகள் தரப்பட்டிருக்கும். தாளில் அவ்விபரம் இல்லையெனில் அதனை ஒரு குறையாகவே கொள்ளலாம்.

எத்தனை லீற்றர் வேண்டும் என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். ரயரின் கொள்ளளவை, ஏற்றவேண்டிய இறாத்தலாற் பெருக்கி 15 ஆற் பிரித்தால், உள்ளே செலுத்தவேண்டிய காற்றின் லீற்றர் கிடைக்கும். எம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கம் 15 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாதலின் இக்கணக்குப் பொருந்துகின்றது. பின் ரயர் ஒன்று 150 லீற்றர் கொள்ளுமென வைத்துக்கொள்வோம். அதனை 14 இலிருந்து 20 இறாத்தலுக்கு ஏற்ற 60 லீற்றரும், இரண்டுக்கும் சேர்த்து 120 லீற்றரும் தேவை. நிமிடத்துக்கு உண்மையில் 30 லீற்றர் தரும் பம்பி இதனை நான்கு நிமிடத்தில் முடிக்கும். 10 லீற்றர் தரும் சிறு பம்பிக்குப் பன்னிரண்டு நிமிடம் செல்லும். முன் ரயர்களையும் இழுவைப் பெட்டியின் ரயர்களையும் சேர்த்தால் சிறு பம்பியுடன் அரைமணி நேரத்துக்கு மேல் வயலோரத்தில் நிற்கவேண்டி வரும். ஒரு நாள் நிற்பார். இரண்டாம் நாள் நிற்பார். மூன்றாம் நாள் பம்பி ஆசனத்தின் கீழே தூங்கும்.

ஆகவே 30 இறாத்தல் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 30 முதல் 40 லீற்றர் வரை தரும் ஒற்றைச் சிலிண்டர்ப் பம்பியே உழவு இயந்திரத்துக்குப் பொருத்தமானது. நிமிடத்துக்கு 100 லீற்றருக்கு மேல் தரும் இரட்டைச் சிலிண்டர்ப் பம்பிகளும் உண்டு. அவை 50 அம்பியருக்கு மேல் மின்னை இழுப்பன. சாதாரண உழவு இயந்திரத்தின் மின்னமைப்புக்கு அது மிகை.

கடையிற் பரீட்சித்தல்

தாளிலுள்ள எண்ணை நம்புவதிலும் கண்ணால் அளப்பது மேலானது. இழுவைப் பெட்டியின் 16 அங்குலச் சில்லு ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு செல்லலாம். 7.50-16 அளவுள்ள ரயர் ஏறத்தாழ 50 லீற்றர் கொள்ளும். காற்றை 10 இறாத்தலுக்கு இறக்கி, அங்கிருந்து 30 இறாத்தலுக்கு ஏறும்வரை மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். செல்லும் காற்று ஏறத்தாழ 67 லீற்றர். இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்தால் பம்பி நல்லது. ஐந்து நிமிடம் கடந்தும் ஏறிக்கொண்டிருந்தால், அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதனை வாங்காது திரும்புதல் நன்று. பரீட்சையின்போது பம்பியை ஓடும் எஞ்சினுடன் கூடிய பற்றரியில் இணைத்தல் வேண்டும். தளர்ந்த பற்றரியில் நல்ல பம்பியும் சோம்பிக் காணப்படும்.

பம்பியுடன் வரும் அமுக்கமானியையும் நோக்குக. 0 முதல் 150 வரை குறிக்கப்பட்ட சிறு வட்டத்தில் 14 இறாத்தல் எங்கே, 18 இறாத்தல் எங்கே என்று பிரித்தறிய இயலாது. அதன் பிழையே மூன்று நான்கு இறாத்தல் இருக்கலாம். லொறி ரயருக்கு அது சிறு பிழை. உழவு இயந்திரப் பின் ரயருக்கோ வயலுக்கும் வீதிக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி அதுவாகிவிடும். ஆதலின் 0 முதல் 50 வரை காட்டும் தனி அமுக்கமானி ஒன்றைச் சேர்த்து வாங்குதல் அவசியம்.

சூடும் ஓய்வும்

சைக்கிள் பம்பியை வேகமாக அடிக்கும்போது அதன் அடி சுடுவதை யாவரும் அறிவர். அழுத்தப்படும் காற்று வெப்பமடைவது இயற்கை. 30 இறாத்தலுக்கு விரைந்து அழுத்தப்படும் காற்றே கொதிநீரைவிடச் சூடாகலாம். அமுக்கம் கூடினால் வெப்பமும் கூடும். இப்பம்பிகளுட் பல எண்ணெய் இல்லாது ஓடுவன. பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையம் எண்ணெயின்றி வழுக்கும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கினால் ஆனது. வெப்பம் மிகுந்தால் அவ்வளையம் தேய்ந்து, பம்பி ஓடினாலும் காற்றுத் தராது போகும்.

இதனால் ஒவ்வொரு பம்பிக்கும் எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆறவேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. தாளில் இது நூற்றுவீதமாகத் தரப்படுவது வழக்கம். 33 வீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓட்டி, இரண்டு பங்கு நேரம் ஆறவிடவேண்டும். இவ்வளவு எந்த அமுக்கத்தில், எந்த வெப்பநிலையில் என்பதையும் வாசித்தல் வேண்டும். பெரும்பாலும் அது 22 பாகை செல்சியஸ் அளவான குளிர்ந்த அறையிற் கணிக்கப்பட்டது. பங்குனி சித்திரையில் வன்னியிலோ மட்டக்களப்பிலோ நண்பகலில், எஞ்சினின் அருகே பொருத்திய பம்பி அவ்வளவு பொறுக்காது. மறுபுறம், 100 இறாத்தலுக்கென்று குறித்த பம்பியை 20 இறாத்தலுக்குப் பயன்படுத்தும்போது அதன் சுமை குறைவாதலின் சற்றுக் கூடுதலாக ஓடும். தாளில் குறித்த நேரத்தையே எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது. மிகச் சூடானால் தானாக நின்று, ஆறியபின் ஓடத்தக்க வெப்பக் காப்பு உள்ள பம்பியையே தெரிதல் வேண்டும். அது இல்லாத பம்பி மலிவாகக் கிடைத்தாலும் மலிவானதன்று.

பற்றரியும் கம்பியும்

முதலில் இயந்திரத்தின் மின்னமைப்பு 12 உவோற்றா என்று அறிக. பெரிய லொறிகள் பலவற்றில் 24 உவோற்று உண்டு. அவ்விரு பற்றரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 உவோற்றை எடுப்பவர் உளர். அவ்வாறு செய்தால் ஒரு பற்றரி வறண்டு, மற்றையது மிகையாக மின்னேறி, இரண்டும் விரைவிற் கெடும். 24 உவோற்று வண்டிக்கு 24 உவோற்றுப் பம்பியே தக்கது.

அடுத்து, எந்த முனை இயந்திரத்தின் இரும்புடன் இணைக்கப்பட்டுள்ளது என்று பார்க்கவேண்டும். இன்றைய இயந்திரங்களில் எதிர் முனையே அவ்வாறு இணைக்கப்படும். 1950 களில் வந்த பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பலவற்றில் நேர் முனை இணைக்கப்பட்டிருந்தது. அவற்றுட் சில இன்னும் எமது வயல்களில் ஓடுகின்றன. அத்தகைய இயந்திரத்தில், புதிய பம்பியின் சிவப்புக் கம்பியை வழக்கம்போல இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலலாம். மின்னணுச் சுவிச்சு உள்ள பம்பியானால் அது எரிந்தும் போகலாம். பழைய இயந்திரங்களின் டைனமோ தரும் மின்னும் குறைவு. 11 அம்பியர் மட்டும் தருவனவும் உள. 25 அம்பியர் இழுக்கும் பம்பிக்கு மிகுதி 14 அம்பியர் பற்றரியிலிருந்தே வரவேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்கு இது 2 அம்பியர் மணிக்குச் சற்று மேலாகும். நல்ல பற்றரி இதனை எளிதிற் தாங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அடிப்பதும், பழகித் தளர்ந்த பற்றரியில் அடிப்பதுமே வயலின் நடுவில் இயந்திரத்தை இயக்கமுடியாத நிலைக்குக் கொண்டுவருவன. காற்றடிக்கும்போது கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடுப்பை இட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடுதல் வேண்டும்.

வண்டிகளில் சிகரெட் பற்றவைக்கும் துளையிற் செருகும் பம்பிகள் 10 அல்லது 15 அம்பியர்ப் பியூசுக்குள் அடங்கவேண்டியவை. ஆகையாலேயே அவை சிறியனவாக உள்ளன. 20 முதல் 30 அம்பியர் இழுக்கும் பம்பியைப் பற்றரியிலிருந்தே நேராக இணைக்கவேண்டும். இவ்விடத்திற் பலரும் கம்பியில் மிச்சம் பிடிக்கின்றனர். பற்றரியிலிருந்து பம்பி 3 மீற்றர் தூரத்தில் இருப்பின் போகவும் வரவும் 6 மீற்றர் கம்பி. 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் 30 அம்பியர் ஓடும்போது 1.2 உவோற்று வழியிலேயே இழக்கப்படும். அதாவது பத்தில் ஒரு பங்கு. கம்பியும் சூடேறும். 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியிட்டால் இழப்பு அரை உவோற்றளவாகக் குறையும். 30 அம்பியர் இழுக்கும் பம்பிக்கு 40 அம்பியர்ப் பியூஸ் ஒன்றைப் பற்றரியின் முனைக்கு மிக அண்மையில் இடுதல் வேண்டும். பம்பியின் அருகில் இட்ட பியூஸ் பம்பியைக் காக்கும். வழியில் உராய்ந்து வெட்டுண்ட கம்பி தீப்பற்றுவதைத் தடுக்காது. வைக்கோல் ஏற்றிச் செல்லும் இயந்திரத்தில் இது சிறு விடயமன்று. சாதாரண விளக்குச் சுவிச்சு 30 அம்பியரைத் தாங்காதாதலின், சுவிச்சினால் ஒரு ரிலேயை இயக்கி அந்த ரிலே மூலம் பம்பியை ஓட்டுதல் முறையாகும்.

பொருத்தும் இடம்

ஜீப்பில் எஞ்சின் மூடியின் கீழ் இடம் கிடைக்கும். உழவு இயந்திரத்தில் மட்காப்பின் உட்புறம் சேறு படும். எஞ்சினின் பக்கம் சூடு படும். பின்புறம் கலப்பை தூக்கும் கைகள் இடிக்கும். பாதபீடத்தின் மேலே, ஆசனத்தின் பக்கத்தில், மூடியுள்ள இரும்புப் பெட்டி ஒன்றினுள் பொருத்துவதே பெரும்பாலான இயந்திரங்களுக்கு இசையும். காற்றோட்டத்துக்காகப் பெட்டியின் இரு பக்கமும் துளைகள் வேண்டும். பம்பியின் கீழ் இறப்பர்த் தாங்கிகள் இல்லையெனில், எஞ்சினின் அதிர்வில் ஆணிகள் தளரும். காற்றை உள்ளிழுக்கும் வாயைச் சிறு குழாயினால் உயர்த்தி, வடியுடன் மேலே வைப்பது நன்று. சூடடிக்கும் களத்தின் உமித்தூசியும் உலர் உழவின் புழுதியும் உட்சென்றால் வளையம் ஒரு போகங்கூடத் தாங்காது.

பம்பியின் வாயிலிருந்து வெளிவரும் முதல் ஒரு முழக் குழாய் வெப்பம் தாங்கும் பின்னற் குழாயாக இருத்தல் வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் குழாய் அவ்விடத்தில் இளகும். அதற்கப்பால் நான்கு சில்லுகளையும் இழுவைப் பெட்டியின் பின் சில்லையும் எட்டத்தக்க நீளமான இறப்பர்க் குழாய் போதும்.

காற்றுத் தாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்கும்படி சிலர் தூண்டுவர். 8 லீற்றர்த் தாங்கியில் 100 இறாத்தல் நிரப்பினாலும், அது 20 இறாத்தலுக்கு இறங்கும்வரை தரும் காற்று ஏறத்தாழ 43 லீற்றரே. ஒரு பின் ரயருக்கும் அது போதாது. ரேடியேற்றரில் ஒட்டிய தூசியை ஊதுவதற்கு அது உதவும் என்பது உண்மை. அப்பயன் வேண்டாதவர் அச்செலவைத் தவிர்க்கலாம். எதற்காயினும், காற்றை உடம்பின்மீதோ முகத்திலோ ஊதுதல் கூடாது.

காற்றடிக்கும்போது

பின் ரயர்களில் பாரத்துக்காக நீர் நிரப்பியிருப்பவர், மேலே சொன்ன கணக்கை மாற்றிக்கொள்ளல் வேண்டும். முக்காற்பங்கு நீர் உள்ள 150 லீற்றர் ரயரில் காற்றுக்குள்ள இடம் 38 லீற்றரளவே. ஆதலின் ஒரு நிமிடத்திலேயே அமுக்கம் மிக ஏறிவிடும். இறக்கும்போதும் சடுதியாக இறங்கும். வால்வு உச்சியில் நிற்கும்படி சில்லைத் திருப்பிய பின்னரே அளத்தலும் அடித்தலும் செய்க. வால்வு கீழே இருப்பின் நீர் அமுக்கமானிக்குள்ளும் பம்பிக்குள்ளும் புகும்.

காற்றின்றி மடிந்த நிலையில் சில தூரம் ஓடிய ரயரை அப்படியே நிரப்புதல் ஆபத்து. உள்ளிழைகள் அறுந்திருக்கலாம். கழற்றி உட்புறத்தைப் பார்த்த பின்னரே நிரப்பவேண்டும். புதிதாகப் பூட்டிய ரயரின் விளிம்பு றிம்மில் அமராவிடின் அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகலாகாது. உழவு இயந்திர ரயர்களுக்கு விளிம்பை அமர்த்தும் எல்லை பொதுவாக 35 இறாத்தல். அதற்குள் அமராவிடின் காற்றை விட்டு, விளிம்பைச் சவர்க்கார நீரால் நனைத்து, மீண்டும் நேராக வைத்துத் தொடங்கவேண்டும். பெற்றோல் தெளித்துத் தீ மூட்டி அமர்த்தும் வழக்கம் உயிரைக் கொல்வது. அதனைச் செய்து காட்டுபவரையும் தடுத்தல் வேண்டும். ரயர் பூட்டியுள்ள றிம்மில் ஒட்டுவேலை செய்வதும் அவ்வாறே.

ரயரின் முன்னே குனிந்து நின்று அடிப்பது எமது ஊர்களில் எங்கும் காணப்படும் பழக்கம். ரயர் வெடித்தால் காற்றும் றிம்மும் பக்கவாட்டிலேயே பாயும். ஆதலால் வால்விற் கவ்விப் பிடிக்கும் வாயுடைய குழாயை மாட்டிவிட்டு, பற்கள் உள்ள பக்கமாக ஒதுங்கி, சுவிச்சின் அருகே நிற்கவேண்டும். குழாயைக் கையாற் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய பம்பியை வாங்காமல் விடுவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

பராமரிப்பு

வடியை மாதம் ஒரு முறை கழற்றித் தட்டித் துடைக்கவேண்டும், கிழிந்தால் மாற்றவேண்டும். எண்ணெயின்றி ஓடும் பம்பிக்கு எண்ணெய் விடுதல் நன்மை செய்வதாக எண்ணிச் செய்யும் தீமையாகும். தூசி எண்ணெயுடன் சேர்ந்து வளையத்தை அரைக்கும். பற்றரி முனைகளில் பூக்கும் வெண்மையைச் சுடுநீரால் கழுவித் துடைத்து, கிறீஸ் பூசுக. வேலையில்லாத மாதங்களிலும் இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் பம்பியை ஓட்டுதல் நன்று; காலபோகத்து முதல் மழைக்கு முன்னர் ஒரு தடவை எல்லாச் சில்லுகளுக்கும் அடித்துப் பார்த்தல் அவசியம். குழாயின் வாயை இறப்பர் மூடியால் அடைத்து வைக்கவேண்டும். திறந்து கிடக்கும் குழாய்வாயில் குளவி மண் வைத்து அடைத்துவிடும். அம்மண் பின்னர் ரயரின் வால்வுக்குள் தள்ளப்பட்டு, வால்வு மூடாமல் இரவோடிரவாகக் காற்றுக் கசியும்.